முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்து அத்தான்

எங்கள் வானிலை அலுவலகத்தில் செயற்கைக்கோள் படப்பிரிவின் தலைவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். விழா மலருக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். காரணம் இரண்டு. இருபத்தெட்டு வருடமாக அவர் அறைக்கு எதிர் அறையில் தொலைபேசியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். அதோடு, அவர் என் அக்காவைக் கட்டியவர். ஆபீசில் சார், வீட்டில் அத்தான். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் புகழ்ந்து தள்ளுவேன் என்று விழாக் குழு நம்புகிறது. நம்பட்டும்.

அதே மாதக் கடைசிக்குள் இன்னொரு காகிதமும் முடிவாக வேண்டும். அவர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள். நாங்கள் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவோம். தகுதிகாண் காலம்கூட முடியாதவள். மேல்முறையீடு செய்திருக்கிறாள். அதை விசாரிக்கும் அதிகாரி அம்மா ஒரு கையெழுத்தில் அவளைத் திரும்ப உள்ளே விடலாம், ஒரேயடியாக வெளியேயும் நிறுத்தலாம். அவள் வேலையைக் காவு வாங்கிய அந்தப் பிற்பகலில் படப்பிரிவு அறைக்குள் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி சொன்னதை யாரும் நம்பவில்லை. ஒருவர் சொல்ல மாட்டார். மிச்சம் இருப்பவன் நான். அதனால் இந்தக் குறிப்பை விழாக் குழுவுக்கு மட்டும் எழுதவில்லை.

அத்தான் பிறந்தது, படித்தது எல்லாம் அவரே அழகான கையெழுத்தில் எழுதித் தந்திருக்கிறார். சிறு வயதில் இரவெல்லாம் மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பாராம். அக்காவிடம் கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து எட்டரை மணிக்கு மேல் அவர் விழித்திருந்து பார்த்ததில்லை என்றாள். அந்தத் தாளை மடித்து ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது மேஜை ஆடாமல் நிற்கிறது.

ஆபீசில் அவருக்கு 'முப்பத்தாறாயிரம்' என்று பெயர். அவர் காதுபடச் சொல்ல மாட்டோம். வானிலைச் செயற்கைக்கோள் பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறக்குறைய முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் அதுவும் சரியாக ஒரு சுற்று வருவதால், இங்கிருந்து பார்த்தால் வானத்தில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். ஒரே பகுதியை இரவும் பகலும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அதன் சிறப்பே அதுதான். இதை அத்தான் பள்ளிப் பிள்ளைகள் வந்தாலும் சொல்வார், மின்விசிறி மாட்ட ஆள் வந்தாலும் சொல்வார். 'அது பாக்குது' என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. 'முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல இருந்து பாக்குறோம்' என்பார். பார்த்துக்கொண்டிருப்பவர் முதல் மாடியில், பஞ்சு பிதுங்கிய சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல் உண்டு. திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று சொல்லி அதை மறைத்து ஓர் இரும்பு அலமாரியை நிறுத்திவிட்டார். வானத்தைப் பார்த்துச் சொல்லச் சம்பளம் வாங்குகிற மனிதர், பத்தொன்பது வருடமாக ஆபீஸ் நேரத்தில் வானத்தைப் பார்த்ததில்லை.

செயற்கைக்கோளின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நான் சேர்ந்த காலத்தில் இருந்த கோள் பம்பரம் மாதிரி நிமிடத்துக்கு நூறு சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பூமி எதிரே வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு வரி படம் எடுக்கும். மற்ற நேரமெல்லாம் வெற்று வெளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். இருபதில் பத்தொன்பது பங்கு நேரம் சூனியத்தைப் பார்த்து, ஒரு பங்கு நேரம் வேலை செய்து, வரி வரியாகக் கோத்து அரை மணிக்கு ஒரு படம் அனுப்பியது. அந்தக் கோளோடு அத்தானுக்கு நல்ல பொருத்தம் இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

அந்தப் படங்களை எப்படிப் படிப்பது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பகலில் வெயிலில் தெரியும் மேகத்தைப் படம் எடுக்கும், இரவில் மேகம் வெளிவிடும் வெப்பத்தைப் படம் எடுக்கும், மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தாழ்வாகக் கிடக்கும் மேகமும் தரையும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான். வெப்பப் படத்தில் இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம். கண்ணுக்கு எதிரே தூறினாலும் படத்தில் மேகம் இருக்காது. இது புத்தகத்தில் இருக்கிறது, அவரும் பரீட்சையில் எழுதித் தேறியிருக்கிறார். ஒரு விடியற்காலை அக்கா கொடியில் போட்ட துணி எல்லாம் தூறலில் நனைந்து, கூடை நிறைய வாரிக்கொண்டு வந்து நின்றாள். அத்தான் கைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, மேகமே இல்லை, நீ துணியைச் சரியாகப் பிழியவில்லை என்றார். முந்தின இரவு அவர்கள் வீட்டில் தங்கியிருந்த நான் அங்கேதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துணியை மறுபடி பிழிந்தாள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் வாழ்நாளில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறார், ஒன்றே ஒன்று. கோள் நடுக்கோட்டின் மேல் நிற்கிறது, நம் ஊரோ அங்கிருந்து வெகு தூரம் தள்ளி இருக்கிறது. ஆகவே அது நம்மை நேர் மேலே இருந்து பார்ப்பதில்லை, சாய்வாகத்தான் பார்க்கிறது. சாய்வாகப் பார்த்தால் உயரமான மேகத்தின் உச்சி உண்மையான இடத்தை விட்டுத் தள்ளித் தெரியும். பதினைந்து கிலோமீட்டர் உயர இடிமேகம் என்றால் பன்னிரண்டு கிலோமீட்டர் வரைக்கும் தள்ளிவிடும். அத்தான் ஒரு பெரிய கண்ணாடித்தாளில் நம் மாவட்டத்தின் வரைபடத்தை, அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரையும் கணக்கில் எடுத்து நகர்த்தி வரைந்தார். திரையின் மேல் அந்தத் தாளை ஒட்டினால் மேகம் தன் சரியான ஊரின் மேல் வந்து உட்காரும். அன்றைக்கு அது பெரிய விஷயம். தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார். அன்றைக்கு நின்றவர்தான், அதற்குப் பிறகு நகரவே இல்லை.

பழைய கோளின் எரிபொருள் தீர்ந்தது. செத்த கோள்களை ஒதுக்கிவைக்க இன்னும் உயரத்தில் ஒரு பாதை உண்டு, அதைத் தள்ளி அங்கே அனுப்பிவிட்டார்கள். போன வருடக் கடைசியில் நாங்கள் புதிய கோளுக்கு மாறினோம். அது பம்பரம் இல்லை, சுற்றாமல் பூமியைப் பார்த்தபடியே இருக்கிறது. கண்ணாடிகளை மட்டும் அசைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் படம், வேண்டிய இடத்தை நிமிடத்துக்கு ஒரு முறை. பதினாறு விதமான கண்கள், கண்ணுக்குத் தெரியாத நீராவியைப் பார்ப்பதற்கென்றே அதில் சில. வெப்பத்தை அளக்கும் கருவி தானே சூடாகிவிடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் மட்டும் சூரியப் பலகையை வைத்து, மறுபக்கத்தைக் குளிர்ந்த வெளிக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். இவ்வளவையும் கொண்டுவந்து, அத்தானின் பழைய கண்ணாடித்தாளுக்குப் பின்னால் உட்கார வைத்தோம்.

பழைய கோள் நமக்கு நேர் எதிரே நின்றது. புதியது கிழக்கே வெகு தூரம் தள்ளி நிற்கிறது. நம்மைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறது. உயர மேகம் இப்போது மேற்குப் பக்கமாகவும் தள்ளித் தெரியும். அத்தானின் தாளில் அந்தத் தள்ளல் இல்லை. இதை முதலில் கவனித்தவள் புதுசு. டீ குடிக்கும் இடத்தில் கட்டம் போட்ட மேஜை விரிப்பின் மேல் ஒரு உயர டம்ளரை வைத்து எனக்கே காட்டினாள். நேரே நின்று பார்த்தால் டம்ளரின் விளிம்பு எந்தக் கட்டத்தின் மேல் தெரிகிறது, இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் எந்தக் கட்டத்துக்குப் போகிறது என்று காட்டினாள். தொலைபேசி எடுப்பவனான எனக்கே புரிந்தது. அவள் இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதி அத்தானிடம் கொடுத்தாள். புதிய கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே திருத்திய படத்தைக் காட்டும் என்பதையும் எழுதியிருந்தாள். அத்தான் அதன் மேல் டீ டம்ளரை வைத்தார். ஒரே பிரிவில் இரண்டு விதப் படம் இருக்கக் கூடாது என்று சொல்லி, அவள் கணினியிலும் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. எங்கள் ஊருக்கு வெளியே ஒரு மலை வரிசை, அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பள்ளத்தாக்கு. மேற்கில் கல் குவாரிகள். கிழக்கில் ஆறு. வெயில் காலத்தில் அந்த ஆறு மணலாகத்தான் கிடக்கும், வாரம் ஒருநாள் மணலிலேயே சந்தை கூடும். அன்று சந்தை. மழை விழும் இடத்தை நேரே காட்டக்கூடிய மலைமேல் ரேடார் ஏதோ ஒரு பாகம் வரவில்லை என்று ஐந்து மாதமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதற்கும் ஒரு மலர் போட்டு விழா எடுக்கலாம்.

பிற்பகல் இரண்டரைக்குத் திரையில் ஒரு இடிமேகம் கிளம்பி மளமளவென்று வளர்ந்தது. அத்தான் தாளை ஒட்டிப் பார்த்தார். மேற்குப் பள்ளத்தாக்கு என்றார். மூன்று பத்துக்குக் கிழக்குப் பள்ளத்தாக்கிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அங்கே பள்ளிக்கூடத்து மழைமானியைப் பார்த்து எங்களுக்குத் தினமும் அளவு சொல்கிறவர் ஒரு டீச்சர். ஒன்பது வருடமாக ஒருநாள் தவறியதில்லை.

"ஐயா, இங்க பொத்துக்கிட்டு ஊத்துது. மழைமானி நிரம்பி வழியுது. ஆத்துக்குள்ள சந்தை நடக்குது. எச்சரிக்கை குடுத்தீங்கன்னா போலீஸ் வந்து எல்லாரையும் எழுப்பி விட்டுரும்."

அழைப்பைக் காக்க வைத்துவிட்டு எதிர் அறைக்கு ஓடினேன். அத்தான் திரையை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. டீச்சர் மழைமானியைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வைத்திருப்பாள், தொட்டி வழிந்திருக்கும் என்றார். புதுசு எழுந்து நின்றாள். தாளை எடுத்துவிட்டு, திருத்தும் பொத்தானை அழுத்தி ஒரே ஒரு முறை பாருங்கள், மழை மலைக்குக் கிழக்குப் பக்கம்தான் பெய்கிறது என்றாள். அப்போதுதான் அவர் திரும்பினார்.

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல இருந்து நாம பாக்குறோம். கீழ நிக்கிறவ சொல்றாளாம். மேற்குன்னு டைப் பண்ணு."

அவள் டைப் அடித்தாள். எச்சரிக்கை யார் கணினியிலிருந்து போகிறதோ அவர் பெயரில்தான் பதிவாகும். அத்தான் என்றைக்குமே தன் கணினியிலிருந்து எதையும் அனுப்ப மாட்டார், அந்த விஷயத்தில் கில்லாடி. நான் திரும்பி வந்து டீச்சரிடம், எச்சரிக்கை மேற்குக்குத்தான், கிழக்கில் மழை இல்லை என்று படம் சொல்கிறது என்றேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் நனைஞ்சுக்கிட்டே பேசுறேன் ஐயா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவர் எங்களை நம்பாமல் போனதுதான் நல்லது. பள்ளிக்கூட மணியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடி, கை வலிக்கும்வரை அடித்திருக்கிறார். நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. நாற்பது கடை போனது. ஒரு பெரியவருக்குக் கால் முறிந்தது. உயிர் எதுவும் போகவில்லை என்றால் அது மணியின் தயவு. மேற்கே குவாரி வேலையாட்களை எங்கள் எச்சரிக்கையைக் கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் நல்ல வெயிலில் சட்டை துவைத்துப் போட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். எச்சரிக்கை புதுசின் பெயரில் போயிருந்தது. சாய்வுத் திருத்தம் செய்யத் தெரியாத அனுபவமில்லாத பெண், தன்னைக் கேட்காமல் அனுப்பிவிட்டாள் என்று அத்தான் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வருத்தம் வேறு. பாராட்டுக் கடிதத்தின் நகலையும் கூடவே வைத்தார். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அவள் குறிப்பைத் தேடினார்கள், டீ வட்டத்தோடு அது எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. பிறகு என் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

இங்கேதான் என் வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம், தகவல், யாரிடம் சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் எழுத வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வருடம் எழுதினேன். அத்தான் சொல்லும் பதில்களை எழுதிவைத்தால் என்றைக்காவது அவருக்கே வம்பு என்று தோன்றியது. 'தெரிவிக்கப்பட்டது' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டேன். இருபத்தாறு வருடமாக அதைத்தான் குத்துகிறேன். மூன்று பத்து அழைப்புக்கு எதிரேயும் அந்த முத்திரைதான் இருந்தது. அத்தானுக்குக் கண்ணாடித்தாள், எனக்கு ரப்பர் முத்திரை. நான் அவரை எந்த வாயால் ஏசுகிறேன் என்று கேட்பீர்கள். அதே வாயால்தான்.

விசாரணைக்கு முந்தின மாலை அக்கா என் வீட்டுக்கு வந்திருந்தாள். இன்னும் நாலு மாதம், அவர் தலை நிமிர்ந்து வெளியே வரட்டும், நீ ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றாள். மறுநாள் யாரிடம் தெரிவித்தீர்கள் என்று கேட்டார்கள். "படப்பிரிவுக்குத் தெரிவிச்சேன்," என்றேன். பொய் இல்லை. எதிரே புதுசு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாக்கியத்தை நான் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முத்திரையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். பத்து நாளில் அவளுக்கு நீக்க உத்தரவு வந்தது. அவள் காலி செய்த மேஜையில் இப்போது விழாவுக்கான பூச்சாடிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே அந்தப் பிற்பகல் மூன்று பத்துக்கு வந்த தகவலைப் படப்பிரிவுத் தலைவரிடம் நேரில் சொன்னேன் என்றும், கிழக்கில்தான் மழை என்று அந்தப் பெண் என் காது கேட்கச் சொன்னாள் என்றும், மேற்கு என்று டைப் அடிக்க உத்தரவிட்டவர் அவர்தான் என்றும் இங்கே எழுதுகிறேன். அந்தக் கண்ணாடித்தாள் இன்னும் அவர் திரையில்தான் ஒட்டியிருக்கிறது. பழைய கோள் நின்ற இடத்தையும் புதிய கோள் நிற்கிற இடத்தையும் வைத்து, விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் அதை அளந்து பார்க்கலாம்.

இவ்வளவையும் நேற்று மாலை எழுதி முடித்தேன். மலருக்கான கட்டுரையை வாங்கிப் போக அக்கா வந்தாள். ஒளித்து வைக்க நேரமில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லை. துணிக்கூடை வருகிற இடத்தில் மட்டும் திரும்பப் போய் இன்னொரு முறை படித்தாள். நான் அடுப்படியில் நின்று வேண்டாத ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். தாளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பாதி மனசு அதற்கு ஆசைப்படவும் செய்தது.

"அன்னைக்கு நீ பல் தேச்சுக்கிட்டு நின்ன," என்றாள். "என் தலை சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்ததைப் பாத்த. 'அத்தான், மழை பெய்யுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லலடா நீ."

நான் பாத்திரத்தை வைத்தேன். அவள் கடைசித் தாளைத் திருப்பி, முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு அதை என் பக்கம் தள்ளினாள்.

"இதுலயும் கையெழுத்துப் போடாம வச்சிருக்க."

பையில் கை விட்டால் முதலில் முத்திரைதான் அகப்பட்டது. அதை மேஜையில் வைத்துவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்து, என் முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாள்களை அக்கா தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மேல்முறையீட்டு ஆபீஸ் அவள் போகிற வழியில்தான் இருக்கிறது.